லென்ஸ் கழற்ற முடியாத கேமரா: யார் வாங்கலாம்?

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாமல், உடலோடு சேர்த்தே செய்யப்பட்ட டிஜிட்டல் கேமராக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஜூம் இருக்கும். நின்ற இடத்திலிருந்தே காட்சியை அருகில் இழுக்கலாம். மற்றதில் அதுவும் கிடையாது. லென்ஸுக்கு ஒரே பார்வைக் கோணம்தான். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் படம் எடுப்பவர் நாலு எட்டு முன்னே போக வேண்டும். கூட்டம் முழுவதும் அடங்க வேண்டுமானால் பின்னே வர வேண்டும். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர், லைக்கா க்யூ, சோனி ஆர்எக்ஸ்1 ஆகியவை இந்த இரண்டாவது வகையின் முக்கியக் குடும்பங்கள். செல்போனிலேயே மூன்று லென்ஸ்கள் வந்துவிட்ட காலத்தில், ஒரே லென்ஸ் உள்ள இந்தக் கேமராக்களை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து, சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்தும் வாங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தால் முடிவெடுப்பது கடினமில்லை.

ஃபிலிம் காலத்தில் இப்படிப்பட்ட கேமராதான் சாதாரணம். பரோடாவில் தயாராகி இந்திய வீடுகளில் புழங்கிய அக்ஃபா கிளிக் 3-இல் லென்ஸும் மாறாது, ஜூமும் இல்லை. 1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு 45 மி.மீ. லென்ஸ்; 1967-இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு 40 மி.மீ. உலகெங்கும் பல குடும்பங்களின் பிறந்தநாள் படங்களும் சுற்றுலாப் படங்களும் இத்தகைய கேமராக்களில் எடுத்தவையே. டிஜிட்டல் கேமரா பரவியபின் சிறிய கேமரா என்றாலே ஜூம் என்று ஆனது. 2010-இல் லென்ஸ் பொருத்தப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 10 கோடிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 2023-இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. செல்போன் செய்யக்கூடிய வேலையைச் செய்துகொண்டிருந்த கேமராக்களுக்குச் சந்தையில் இடமில்லாமல் போனது. தப்பிப் பிழைத்தவற்றில், செல்போனுக்குள் அடங்காத அளவு பெரிய சென்சார் கொண்ட சிறிய கேமராக்கள் முக்கியமானவை.

இந்த வகைக்குப் புத்துயிர் தந்தது ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100. 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. பழைய ஃபிலிம் கேமரா போன்ற தோற்றம், மேலே திருகுவதற்கு ஷட்டர் வேக வளையம், உள்ளே 12 மெகாபிக்சல் சென்சார். அதன் ஆறாவது தலைமுறையான எக்ஸ்100 சிக்ஸ் 2024 பிப்ரவரியில் 40 மெகாபிக்சலோடும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்போடும் வெளிவந்தது. ரிக்கோவின் ஜிஆர் வரிசை இதைவிட மூத்தது. 1996-இல் ஜிஆர்1 என்ற ஃபிலிம் கேமராவாகத் தொடங்கியது. 2005-இல் டிஜிட்டலுக்கும், 2013-இல் பெரிய சென்சாருக்கும் மாறியது. டோக்கியோ தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற டைடோ மொரியாமாவின் பெயர் இந்த வரிசையோடு நெடுங்காலமாகச் சேர்ந்தே பேசப்படுகிறது.

பணம் போவது முதலில் சென்சாருக்கு. நல்ல செல்போன் ஒன்றின் பிரதான சென்சார் ஏறத்தாழ 10 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் இருக்கும். எக்ஸ்100, ஜிஆர் இரண்டிலும் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பில் ஐந்து மடங்கு. லைக்கா க்யூவிலும் சோனி ஆர்எக்ஸ்1-இலும் இருப்பது பழைய ஃபிலிம் அளவான 36 × 24 மி.மீ.; அதாவது பன்னிரண்டு மடங்கு. பரப்பு கூடக்கூடச் சென்சாரில் விழும் ஒளியும் கூடுகிறது. குத்துவிளக்கு மட்டும் எரியும் அறை, மாலை மங்கிய பின் தெரு, வெள்ளை வேட்டியும் கருநிழலும் ஒரே படத்தில் வரும் உச்சிவெயில் ஆகிய இடங்களில் அந்த ஒளி புள்ளி புள்ளியான இரைச்சலைக் குறைக்கிறது, நிழலுக்குள் இருக்கும் விவரத்தைக் காப்பாற்றுகிறது.

செல்போனும் சும்மா இருக்கவில்லை. ஒரே நொடியில் பல படங்களை எடுத்து மென்பொருளால் ஒன்றாக அடுக்கி, சிறிய சென்சாரின் குறையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்து, கைபேசித் திரையிலேயே பார்க்கப்படும் படத்தில் இந்தக் கேமராவுக்கும் செல்போனுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது பலருக்கு முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேறுபாடு வெளிப்படுவது பெரிய அளவில் அச்சிடும்போதும், படத்தைக் கணினியில் திருத்தும்போதும், மங்கிய ஒளியில் அசையும் ஆட்களை எடுக்கும்போதும்தான். முகத்துக்குப் பின்னால் உள்ளவை மங்குவதும் அப்படியே. பெரிய சென்சாரும் அகலத் திறக்கும் லென்ஸும் இருந்தால் அது இயல்பாக நடக்கிறது. செல்போன் அதைக் கணக்கிட்டு வரைகிறது. காற்றில் பறக்கும் முடியின் ஓரத்திலும் மூக்குக் கண்ணாடியின் விளிம்பிலும் அந்தக் கணக்கு அவ்வப்போது தவறிவிடுகிறது.

ஆனால் படத்தின் தரத்தைவிட முக்கியமான கேள்வி பார்வைக் கோணம். லென்ஸை மாற்ற முடியாது என்பதால், அந்தக் கோணம் ஒருவருக்கு ஒத்துவராவிட்டால் கேமராவில் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. கோணத்தைக் குறிக்க, ஃபிலிம் அளவுக்கு இணையான குவியத் தொலைவை மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம். எக்ஸ்100 வரிசைக்கு 35. ஜிஆர் 3, ஜிஆர் 4 இரண்டுக்கும் 28. ஜிஆர் 3எக்ஸ் என்ற உடன்பிறப்புக்கு 40. லைக்கா க்யூ3-க்கு 28, அதன் இன்னொரு வடிவத்துக்கு 43. சோனிக்கு 35. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்.

இந்த எண்களைத் தரையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு சுவரைப் படம் எடுக்கிறார் என்று கொள்வோம். 28 மி.மீ. லென்ஸில் சுவரின் 3.9 மீட்டர் அகலம் படத்தில் விழும், 35-இல் 3.1 மீட்டர், 40-இல் 2.7 மீட்டர். 35 மி.மீ. லென்ஸுக்கு மனத்தில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு இது: எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ ஏறத்தாழ அவ்வளவு அகலம் படத்தில் வரும். ஐந்து பேர் தோளோடு தோள் நிற்க மூன்று மீட்டர் போதும் என்றால், மூன்று மீட்டர் பின்வாங்க வீட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிறிய அறைகள், நெரிசலான கடைத்தெரு, கோயில் பிராகாரம் போன்ற இடங்களில் 28 கைகொடுக்கும். ஆனால் அதில் ஒருவருடைய முகத்தைப் பெரிதாக எடுக்க மிக நெருங்கிப் போக வேண்டும்; நெருங்கினால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கிவிடும். 35-இல் இந்தக் கோணல் குறைவு. 40 இன்னும் அமைதியானது. ஒரு ஆளை, ஒரு சன்னலை, ஒரு மேசையைத் தனியே பிரித்துக் காட்ட ஏற்றது.

செலவில்லாமல் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. பெரும்பாலான செல்போன்களின் பிரதான கேமரா 24 முதல் 26 மி.மீ. வரையான கோணம் கொண்டது. 24 மி.மீ. உள்ள செல்போனில் ஜூமை 1.2-இல் நிறுத்தினால் 28 மி.மீ.; 1.5-இல் நிறுத்தினால் ஏறத்தாழ 35, 1.7-இல் 40. ஐபோன் 15 ப்ரோவிலும் அதற்குப் பின்வந்த ப்ரோ வகைகளிலும் 24, 28, 35 என்று தேர்ந்தெடுக்கும் வசதியே உண்டு. அந்த ஒரே எண்ணில் சில வாரங்கள், வேறு எதையும் தொடாமல், எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல் அடிக்கடி ஜூமைத் தேடிப் போகிறதென்றால் அந்தக் கோணம் அவருக்கு உரியதல்ல. ஜூம் இல்லாத கேமராவே அவருக்கு உரியதில்லை என்றும் ஆகலாம். சில நாட்களில் எண் மறந்துபோய், எங்கே நின்றால் என்ன அடங்கும் என்று கண் தானாகவே கணிக்கத் தொடங்கினால் வாங்கலாம். ஏற்கெனவே எடுத்த படங்களிலும் விடை இருக்கிறது. படத்தின் விவரப் பகுதியில் குவியத் தொலைவு பதிவாகியிருக்கும். பிடித்த படங்களில் பெரும்பாலானவை செல்போனின் தொலைநோக்கு லென்ஸில் எடுத்தவை என்றால், 28 மி.மீ. கேமரா அவரை ஏமாற்றும்.

மெகாபிக்சல் அதிகமிருக்கிறதே, வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். எக்ஸ்100 சிக்ஸின் 40 மெகாபிக்சலை 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 20 மிஞ்சும். 70-க்கு வெட்டினால் 10. எல்லை எங்கே என்பதற்குத் திருமண மேடை நல்ல உதாரணம். மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் விருந்தினர் 35 மி.மீ. லென்ஸில் எடுத்தால், பத்து மீட்டர் அகலக் காட்சியில் மணமக்கள் நிற்கும் இரண்டு மீட்டர் மட்டுமே அவருக்கு வேண்டியது. படத்தின் மொத்த அகலம் 7,728 பிக்சல். அதில் மணமக்களுக்குக் கிடைப்பது சுமார் 1,500. வாட்ஸ்அப்பில் அனுப்பப் போதும், ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்குப் போதாது. எழுந்து மேடை அருகே போகக்கூடியவருக்கு இந்தக் கேமரா அருமையான படம் தரும். இருக்கையிலிருந்தே எடுக்க விரும்புபவருக்குத் தராது. வேடந்தாங்கல் பறவைகளுக்கோ பள்ளி விளையாட்டு விழாவின் ஓட்டப் பந்தயத்துக்கோ இதை நினைக்கவே வேண்டாம்.

கோணம் ஒத்துவந்துவிட்டது என்றால், ஒரே லென்ஸ் என்பதிலிருந்து கிடைக்கும் நன்மைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கென்றே ஒன்று வடிவமைக்கப்படுவதால் லென்ஸ் மெலிந்து, சென்சாருக்கு மிக அருகில் உட்காரும். ஜிஆர் 3-இன் எடை பேட்டரியோடு சேர்த்து 257 கிராம். சட்டைப் பையில் கொஞ்சம் இறுகும், கால்சட்டைப் பையில் தாராளமாக நுழையும். எக்ஸ்100 சிக்ஸ் 521 கிராம். அது பைக்குள் போகாது. கழுத்திலோ தோளிலோ தொங்க வேண்டும். கடையில் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாலே, எது தினமும் தன்னோடு வெளியே வரும் என்று வாங்குபவருக்குப் புரிந்துவிடும். அந்த உணர்வுக்கு விவரப்பட்டியலைவிட அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

எக்ஸ்100, ஜிஆர் வரிசைகளில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்கள் போல அமைந்திருக்கிறது. அதனால் படம் எடுக்கும் ஓசை அருகில் இருப்பவருக்கும் கேட்காது. தூங்கும் குழந்தை, கச்சேரி, பிரார்த்தனை போன்ற வேளைகளில் இதன் அருமை தெரியும். இன்னொரு பயனும் உண்டு. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பிளாஷ் பெரும்பாலும் வினாடியில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கு வேகம் வரைதான் ஒழுங்காக ஒத்துழைக்கும். இதழ் ஷட்டரில் அதைவிடப் பன்மடங்கு வேகத்திலும் பிளாஷ் வேலை செய்யும். கடும் வெயிலைப் பின்னால் வைத்து நிற்பவரின் இருண்ட முகத்துக்கு ஒளி கொடுக்க இது பெரிய உதவி. நண்பகல் வெயிலில் லென்ஸை எஃப்2 வரை முழுதாகத் திறந்தால் வினாடியில் 8,000-இல் ஒரு பங்கு வேகம் தேவைப்படும். எக்ஸ்100 சிக்ஸின் இதழ் ஷட்டரால் 4,000 வரைதான் போக முடியும். அதற்காகவே ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டி ஒன்றை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் 8,000 என்பது 500 ஆகிவிடும்.

எக்ஸ்100-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது. முன்பக்க நெம்புகோலைத் தட்டினால் அது கண்ணாடிச் சன்னலாகவும் மின்திரையாகவும் மாறி மாறி வேலை செய்யும். அண்மைத் தலைமுறைகளில் திரையும் சாயும். ஜிஆரில் இரண்டும் இல்லை. உச்சிவெயிலில் திரை மங்கலாகத் தெரிவதை ஜிஆர் வைத்திருப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேகத்தில் ஜிஆரை மிஞ்சுவது கடினம். தூரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து வைக்கும் வசதி அதில் உண்டு. லென்ஸ் திறப்பை எஃப்8, தூரத்தை 2.5 மீட்டர் என்று வைத்துவிட்டால் ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கேமரா ஃபோகஸ் தேட வேண்டியதில்லை; பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் படம் பதிவாகிவிடும். தெருப் புகைப்படக்காரர்கள் ஜிஆரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். அதன் பேட்டரிதான் பலவீனம். ஜிஆர் 3-இல் ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 200 படங்கள். கூடுதல் பேட்டரி ஒன்றையும் கேமராவின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். காணொளிக்காக ஜிஆரை வாங்குவது வீண்.

எக்ஸ்100 வாங்குவோரில் பலர் அதன் நிறங்களுக்காக வாங்குகிறார்கள். ஃபிலிம் தயாரித்த நிறுவனம் என்பதால், பழைய ஃபிலிம்களின் நிறத்தன்மையைக் கேமராவுக்குள்ளேயே தேர்வுகளாக வைத்திருக்கிறது. கணினியில் உட்கார்ந்து திருத்தாமல், எடுத்த படத்தை அப்படியே பகிர விரும்புகிறவருக்கு இது நியாயமான காரணம். எப்படியும் எல்லாப் படங்களையும் கணினியில் திருத்தப் போகிறவர், இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

விலையைப் பொறுத்தவரை, எக்ஸ்100 சிக்ஸ் அமெரிக்காவில் 1,599 டாலருக்கு அறிமுகமானது. இந்தியாவில் ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2019-இல் வந்த ஜிஆர் 3-இன் அறிமுக விலை 899 டாலர். 2025-இல் வந்த ஜிஆர் 4-க்குச் சுமார் 1,500. லைக்கா க்யூ3 அறிமுகத்தில் 5,995 டாலர். 2025-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3 சுமார் 5,100. கடைசி இரண்டும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கும் பெரும் வசதி படைத்தவர்களுக்கும் உரியவை. சாதாரண வாசகரின் முடிவு எக்ஸ்100, ஜிஆர் இரண்டுக்கும் இடையில்தான். 2022 வாக்கில் டிக்டாக் மூலம் முந்தைய எக்ஸ்100 ஃபைவ் பெரும்புகழ் பெற்று, பழைய கேமரா புதியதைவிட அதிக விலைக்குப் போன நிலை ஏற்பட்டது. அப்படிப்பட்ட பரபரப்பில் வாங்குவது தவறு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கேட்பது இந்தியச் சட்டப்படி குற்றம். கேட்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர் இரண்டை யோசிக்க வேண்டும். வரிவிலக்கு வரம்புக்கு மேல் போனால் விமான நிலையத்தில் சுங்கவரி கட்ட நேரும். இந்திய சேவை மையத்தில் உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும்.

வீட்டில் இருக்கப்போகும் ஒரே கேமரா இதுதான், விழா, சுற்றுலா, குழந்தைகளின் மேடை நடனம் எல்லாவற்றுக்கும் இதுவே ஈடுகொடுக்க வேண்டும் என்றால் வேறு வழி தேடுவது நல்லது. கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 போன்ற ஜூம் உள்ள சிறிய கேமராக்கள் இருக்கின்றன. அவற்றின் சென்சார் சிறியது, 13.2 × 8.8 மி.மீ. லென்ஸ் மாற்றும் சிறிய கேமராவில் மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்துவது இன்னொரு வழி. எக்ஸ்100 சிக்ஸில் உள்ள அதே 40 மெகாபிக்சல் சென்சாரை ஃபூஜிஃபில்மின் எக்ஸ்-இ5-லும் காணலாம்; 23 மி.மீ. மெல்லிய லென்ஸைப் போட்டால் ஏறத்தாழ அதே கேமரா, நாளை வேறு லென்ஸ் வாங்கவும் தடையில்லை. ஒரே கோணத்தில் உறுதியாக இல்லாதவருக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

பழைய கேமரா வாங்குவது இந்த வகையில் நல்ல வழிதான். 16 மெகாபிக்சல் உள்ள பழைய எக்ஸ்100-களும் ஜிஆர் 2-உம் இன்றும் நல்ல படம் தருகின்றன. ஆனால் பணம் கொடுக்குமுன் சில சோதனைகள் கட்டாயம். லென்ஸை எஃப்16-க்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஜிஆர் வரிசையில், லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போது தூசியை இழுத்துக்கொள்வது பரவலான குறை. லென்ஸ் மாற்றும் கேமராவில் அந்தத் தூசியை ஊதித் துடைத்துவிடலாம். இதில் கேமராவையே பிரிக்க வேண்டும். பிறகு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூஞ்சை புதிய கேமராவுக்கும் வரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைத்த லென்ஸில் ஒரு மழைக்காலத்துக்குள் இழை படரலாம். எக்ஸ்100 சிக்ஸில் மழைத் துளிகளைத் தாங்கும் பாதுகாப்பு முழுமையாவது, முன்னால் தனியே விற்கும் வளையத்தையும் வடிகட்டியையும் பொருத்திய பிறகே. ஜிஆர் 3-இல் அந்தப் பாதுகாப்பு அறவே இல்லை. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு வைக்கும் சிறிய மின்பெட்டி ஒன்றை வாங்கலாம். இல்லாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைத்தாலும் போதும். தினமும் எடுத்துப் புழங்கும் கேமராவில் பூஞ்சை பிடிப்பது அரிது.